கடைசி இரண்டு அங்குலம்: கனமான டிராக்டர் கருவிகளை மாட்டத் தோதாக நிறுத்தி வைத்த அனுபவம்

சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டருக்கு நேராக டிராக்டரைப் பின்னால் எடுத்து நிறுத்துவது எனக்கு ஒருநாளும் சிரமமாக இருந்ததில்லை. இறங்கிப் பார்த்த பிறகுதான் சிரமம் தொடங்கும். இடது லோயர் லிங்க் (டிராக்டரின் பின்னால் நீளும் இரண்டு கீழ்க் கைகளில் ஒன்று) கருவியிலுள்ள பின்னுக்கு, அதாவது அதில் செருகும் இரும்பு முளைக்கு, நேராக இருக்கும், வலது லிங்க் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும். மறுபடி ஏறி, கொஞ்சம் முன்னால் போய், ஸ்டியரிங்கை ஒரு சுற்று ஒடித்துப் பின்னால் வந்து, இறங்கிப் பார்த்தால் இப்போது வலது நேராக இருக்கும், இடது தள்ளி நிற்கும். கடைசியில் கடப்பாரையை எடுத்து 420 கிலோ இரும்பை நெம்ப வேண்டும். இரண்டு ஆள், அரை மணி நேரம், அப்புறம் இடுப்புவலி. பல வருடம் இப்படியே போனது.

இதை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது ரோட்டவேட்டர் இல்லை, ஒன்பது கொத்துக் கலப்பை. அதைச் செங்கல் அடுக்கி அதன்மேல் உட்கார வைத்திருந்தேன். நான் கடப்பாரையால் நெம்ப, தம்பி பின்னை லிங்க் துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு செங்கல் நடுவில் உடைந்தது. கலப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவன் விரல் பின்னுக்கும் லிங்க்குக்கும் நடுவில் மாட்டியது. எப்படியோ இழுத்துக்கொண்டான். நகம் மட்டும் கறுத்து விழுந்தது. ஒரு கணம் தாமதித்திருந்தால் விரல் போயிருக்கும். அன்று சாயங்காலம் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் கவனித்த விஷயம் இதுதான். வயலிலிருந்து திரும்பி வந்து கருவியை இறக்கும் அந்த நேரத்தில் எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, கருவியின் மேற்பகுதியைப் பிடிக்கும் டாப் லிங்க் சரியான நீளத்தில் இருக்கிறது, கருவி டிராக்டருக்கு நேராக நிற்கிறது. பூட்டி வைத்திருக்கும் லிஞ்ச் பின்னை உருவி டாப் லிங்க்கைக் கழட்டியதும் கருவி தன் எடைக்கு ஏற்ற பக்கம் சாய்கிறது. ரோட்டவேட்டர் கத்திகளின் மேல் உருண்டு முன்பக்கமாகக் கவிழ்கிறது. கலப்பையின் கொழு மண்ணில் ஒரு பக்கம் அதிகம் இறங்குகிறது. வட்டத் தகடுகளால் உழும் சட்டிக் கலப்பை சரிந்தே விடும். டிராக்டரை நகர்த்தும்போது லிங்க் உரசி இன்னும் கொஞ்சம் கோணலாகிறது. அடுத்த முறை மாட்டும்போது நாம் படும் அவ்வளவு பாடும், கழட்டிய அந்த இரண்டு நிமிடத்தில் உண்டானது. கழட்டும்போது இருந்த உயரத்திலும் சாய்விலும் கருவியை அப்படியே பிடித்து வைக்க முடிந்தால், மாட்டும் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும். மீதிக் கால்வாசி அந்த இரண்டு அங்குலம். அதற்கு டிராக்டர் நகர வேண்டும், அல்லது கருவி நகர வேண்டும். டிராக்டரை அங்குலக் கணக்கில் பக்கவாட்டில் நகர்த்த முடியாது. அப்படியென்றால் கருவிதான் நகர வேண்டும்.

இரண்டு லோயர் லிங்க், ஒரு டாப் லிங்க் என்ற இந்த மூன்று புள்ளி இணைப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஹாரி ஃபெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. 1936இல் ஃபெர்குசன்–பிரவுன் டிராக்டரிலும், 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரிலும் வந்து உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்துக் கலப்பைகள் ஓர் ஆள் கையால் நகர்த்தி மாட்டும் எடையில் இருந்தன. இணைப்பு ஏறக்குறைய அதேதான், கருவிகளின் எடை மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது. ஆகையால் முந்தின காலத்தில் கை செய்த வேலையைச் செய்ய இப்போது வேறு ஏதாவது வேண்டும்.

அளவெடுத்த நாள்

என்னிடம் நான்கு கருவிகள் இருக்கின்றன. ஆறடி ரோட்டவேட்டர், ஒன்பது கொத்துக் கலப்பை, இரட்டைச் சட்டிக் கலப்பை, சமன்படுத்தும் பிளேடு. ஒவ்வொன்றையும் டிராக்டரில் மாட்டி, சமதரையில் ரசமட்டம் வைத்து நேராக்கி, தரையிலிருந்து லோயர் பின் மையம் வரை அளந்தேன். பிறகு கழட்டி, அது இயல்பாக உட்காரும்போது அளந்தேன். வித்தியாசம் எதிர்பார்த்ததைவிட அதிகம். கலப்பையின் இடது பின்னுக்கும் வலது பின்னுக்கும் 9 செ.மீ. வித்தியாசம் இருந்தது. ஒரே மட்டத்தில் இருக்க வேண்டிய இரண்டு பின்கள் அவை.

பின்களையும் அப்போதே சரிபார்த்தேன். இணைப்பின் அளவு வகையைக் கேட்டகிரி என்பார்கள். கேட்டகிரி 1 கருவியில் லோயர் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ., இரண்டு லோயர் பின்களுக்கும் இடையே 683 மி.மீ. கேட்டகிரி 2இல் லோயர் பின் 28, டாப் பின் 25, இடைவெளி 825. என் டிராக்டர் கேட்டகிரி 2. பிளேடு மட்டும் பழைய கேட்டகிரி 1 கருவி. அதன் 22 மி.மீ. பின்னில் போட்டுத் தடிமன் கூட்ட வேண்டிய புஷ் (குழாய் வளையம்) எப்போதோ தொலைந்துபோய், 28 துளையில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. பின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. இரண்டு புஷ் போட்டு, மெல்லிய சங்கிலியால் பிளேடிலேயே கட்டிவிட்டேன். சின்ன வேலைதான். ஆனால் இனிமேல் புஷ்ஷைத் தேடி ஷெட்டைச் சுற்ற வேண்டியதில்லை.

அளவுகளையெல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். நான்கு கருவிகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். லோயர் பின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. ஏன் 60 என்றால், ரோட்டவேட்டரைச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஏற்றினால் அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. மற்ற மூன்றும் தரையில் தாழ்வாக உட்காருபவை, அவற்றை உயர்த்துவது எளிது. லிங்க் கைகள் போய்வரும் உயரத்தில் 60 செ.மீ. வசதியான நடுப்பகுதி. எல்லாம் ஒரே உயரம் என்றானதும், லிங்க் கைகளை ஏற்றி இறக்கும் லிஃப்டின் பொசிஷன் கண்ட்ரோல் லீவர் எந்த இடத்தில் இருந்தால் கைகள் 60 செ.மீ.யில் நிற்குமோ அங்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். மாட்டப் போகும்போது லீவரை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம்தான் பின்னால் வருகிறேன். முன்பு இறங்கி ஏறி, இறங்கி ஏறி உயரம் சரிசெய்த வேலை இந்த ஒரு கோட்டோடு போயிற்று.

முதல் தள்ளுவண்டி, தோற்றுப்போனது

அவசரப்பட்டுச் செய்தேன். 50 மி.மீ. ஆங்கிளில் ஒரு செவ்வகச் சட்டம், நான்கு மூலையிலும் நாலு அங்குல காஸ்டர் சக்கரம், கவட்டையில் பொருத்தி வருவது. ஒரு சக்கரம் 120 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தது. நான்கு சேர்ந்தால் 480, ரோட்டவேட்டர் 420, போதும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு விதத்தில் தப்பு.

தரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில் முழுதாகத் தரையைத் தொடுவதில்லை. நான்கு கால் ஸ்டூல் ஆடுவதுபோல, எந்த நேரத்திலும் மூன்றுதான் எடையைத் தாங்கும். அதனால் மொத்த எடையை மூன்றால் வகுக்க வேண்டும். அதோடு வண்டியின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். 420 கிலோவும் வண்டியின் 60 கிலோவும் சேர்த்தால் 480. மூன்றால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 160. நான் போட்டிருந்தது 120.

இரண்டாவது தப்பு சக்கரத்தின் அளவு. ஷெட்டுத் தரையில் இரண்டு கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. சின்னச் சக்கரம் அதில் இறங்கி நின்றுவிட்டது. நானும் தம்பியும் சேர்ந்து தள்ளியதில் சக்கரத்தின் கவட்டை வளைந்து, வண்டி ஒரு மூலையில் தொப்பென்று உட்கார்ந்தது. கருவி விழவில்லை, அதுவே பெரிது. சங்கிலிக் கப்பியான செயின் பிளாக் போட்டுத் தூக்கி, வண்டியை வெளியே இழுத்துப் பிரித்துவிட்டேன்.

செயின் பிளாக்கில் தொங்கியபோது ஒரு நல்லது நடந்தது. ரோட்டவேட்டரின் எடை மையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கொக்கி மாட்டிய இடத்தை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்து, எந்த இடத்தில் பிடித்தால் சமமாகத் தொங்குகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்தேன். கண்ணால் பார்த்து நடு என்று நினைத்த இடத்துக்கும் உண்மையான மையத்துக்கும் ஒரு ஜாண் வித்தியாசம். கியர் பாக்ஸும், டாப் லிங்க் மாட்டும் மாஸ்ட்டும் முன்பக்கம் இருப்பதால் எடையும் முன்னால்தான். சக்கரங்களைச் சட்டத்தின் நடுவை வைத்துப் பிரித்திருந்தால் முன் சக்கரங்கள் இரண்டும் அதிகம் சுமந்திருக்கும். எந்தக் கருவிக்கு வண்டி செய்தாலும் வெட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

இரண்டாவது வண்டி

75க்கு 40 மி.மீ. சி சேனல் எடுத்தேன். மீட்டருக்கு 7 கிலோ சொச்சம். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே மூன்று, மொத்தம் 6 மீட்டர். ஆறு அங்குலக் காஸ்டர் நான்கு, ஒவ்வொன்றும் 250 கிலோ தாங்குவது, வார்ப்பிரும்புச் சக்கரத்தின் மேல் பாலியூரித்தேன் பூசியது. ரப்பர் சக்கரம் வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எடையோடு நின்றால் ரப்பர் தட்டையாகி, உருளும்போது தடக் தடக் என்று இடிக்கும். வெறும் இரும்புச் சக்கரம் கான்கிரீட்டைக் கொத்தும்.

நான்கும் சுழலும் சக்கரங்களாகவே போட்டேன். இரண்டு நிலையாகவும் இரண்டு சுழல்வதாகவும் போட்டால் தூரமாகத் தள்ளிப்போக வசதி. ஆனால் எனக்கு வேண்டியது தூரம் இல்லை. பக்கவாட்டில் இரண்டு அங்குலம், முன்னால் ஓர் அங்குலம், கொஞ்சம் கோணம் திரும்புவது. அதற்கு நான்கும் சுழல வேண்டும்.

சக்கரத்தைச் சட்டத்தின் அடியில் வைத்தால் கருவி மிக உயரத்துக்குப் போய்விடும். அதனால் சட்டத்தின் பக்கவாட்டில் குட்டைக் கைகள் நீட்டி, அவற்றின் அடியில் சக்கரங்களைப் பொருத்தினேன். சட்டத்தின் மேல்மட்டம் தரையிலிருந்து 20 செ.மீ.யில் நின்றது. ரோட்டவேட்டரின் இரண்டு பக்கச் சறுக்குத் தகடுகள் சேனல் மேல் உட்காருகின்றன. கத்திகள் சட்டத்தின் நடுவே திறந்த இடத்தில் தொங்குகின்றன, தரையைத் தொடுவதில்லை. கத்தியின் மேல் நிற்கும் ரோட்டவேட்டர் உருளப் பார்க்கும். சறுக்குத் தகட்டில் நிற்கும்போது அசையாது. தகட்டிலிருந்து பின் மையம் 40 செ.மீ., சட்டம் 20, ஆக 60.

இதிலும் ஒரு தவறு நடந்தது. முன் சக்கரங்களின் கைகளைப் பின்களின் நேர்க்கோட்டைவிட 15 செ.மீ. முன்னால் நீட்டிவிட்டேன், வண்டி முன்னால் கவிழாமல் இருக்கட்டும் என்று. டிராக்டரைப் பின்னால் எடுத்தபோது லிங்க் பின்னை எட்டுவதற்கு முன்பே பின் டயர் காஸ்டரில் இடித்து, வண்டியையே பின்னால் தள்ளிக்கொண்டு போனது. வெட்டி எடுத்து, முன் சக்கரத்தின் மையம் லோயர் பின்னுக்கு நேர் கீழே வரும்படி மறுபடி வெல்டிங் செய்தேன். அதற்கு மேல் முன்னால் போகக் கூடாது. கவிழுமோ என்ற பயம் தேவையில்லை என்பதும் பின்னால் புரிந்தது. சாதாரண டிராக்டர் லிஃப்ட் எண்ணெய் அழுத்தத்தால் தூக்க மட்டும் செய்யும், இறங்குவது தன் எடையால்தான். லிங்க் கைகள் பின்மேல் உட்கார்ந்தாலும் அவற்றின் சொந்த எடை மட்டுமே முன்பக்கம் வரும்.

சட்டத்தின் நான்கு மூலைகளிலும் வெளிப்பக்கம் விரிந்த தகடுகள் வைத்தேன், புனல் வாய்போல. கருவியை இறக்கும்போது சறுக்குத் தகடு கொஞ்சம் தள்ளி வந்தாலும் அந்தச் சரிவில் வழுக்கித் தன் இடத்தில் உட்காரும். இறக்கும்போது சக்கர பிரேக்கைப் போடாமல் விட்டுவிடுகிறேன். சுமை இறங்கும்போது வண்டி தானே நகர்ந்து சரியான இடத்துக்கு வருகிறது. சுமை முழுதாக உட்கார்ந்த பிறகுதான் பிரேக். காஸ்டரோடு வரும் மிதி பிரேக்கை இவ்வளவு எடைக்கு நான் நம்புவதில்லை. சட்டத்தின் குறுக்கு மூலைகளில் இரண்டு ஸ்குரூ ஜாக் பொருத்தியிருக்கிறேன். நாலு சுற்று திருகினால் தரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

இது ஏன் முக்கியம் என்பதற்குச் சின்னக் கணக்கு. தண்ணீர் வழிந்தோட ஷெட்டுத் தரைக்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுத்திருந்தால், 480 கிலோ வண்டியை அந்தச் சரிவு பத்துக் கிலோ அளவு விசையோடு கீழே இழுக்கும். நல்ல சக்கரத்தில் உருளும் வண்டியைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையான விசையே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது ஒருமுறை தட்டிவிட்டால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதை நினைத்துப் பாருங்கள். என் ஷெட்டில் கருவிகள் நிற்கும் பகுதியை மட்டும் மட்டமாக்கி, சரிவை வாசல் பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

இந்த வண்டியை வைத்துப் பழகியதில் தெரிந்துகொண்ட ஒரு நுணுக்கம். சுழலும் காஸ்டரில் சக்கரம் சுழல் அச்சுக்கு நேர் கீழே இருக்காது, சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். ஒரு பக்கம் தள்ளிவிட்டு எதிர்ப்பக்கம் இழுத்தால் நான்கு சக்கரமும் சுற்றித் திரும்பும். அந்தத் திரும்புதலில் வண்டி நாம் நினைக்காத பக்கம் ஓர் அங்குலம் உதறும். கடைசி அங்குலத்தைச் சரிசெய்யும்போது இது எரிச்சலூட்டும். அதனால் வண்டியை வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நிறுத்தி, கடைசி நகர்த்தலை எப்போதும் டிராக்டரை நோக்கிய ஒரே திசையில் செய்கிறேன். சக்கரங்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பி இருப்பதால் உதறுவதில்லை.

தரை மண்ணாக இருந்தால் இந்த வண்டி வேலைக்காகாது, சக்கரம் புதைந்துவிடும். கான்கிரீட் போட வசதியில்லாதவர்கள் இரண்டு அகலமான சி சேனலைக் கவிழ்த்துத் தண்டவாளம்போலப் பதித்து, அதன்மேல் நிலையான சக்கரம் வைத்த வண்டியை முன்னும் பின்னும் ஓட்டலாம். பக்கவாட்டு நகர்வு கிடைக்காது, ஆனாலும் கடப்பாரையைவிட எவ்வளவோ மேல்.

மற்ற மூன்றும்

எல்லாவற்றுக்கும் சக்கரம் வேண்டும் என்று முதலில் நினைத்தேன், பிறகு மாற்றிக்கொண்டேன். கலப்பைக்குச் சக்கரம் தேவைப்படவில்லை. சரியான உயரத்தில் மட்டமாக நின்றாலே போதும். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும், நேராகச் சேர்க்க வேண்டிய பி.டி.ஓ. ஷாஃப்ட் அதில் இல்லை. செக் செயினைத் தளர்த்தினால் லோயர் லிங்க்குகள் பக்கவாட்டில் ஆடும், அந்த ஆட்டமே இரண்டு அங்குலத்துக்குப் போதும்.

கலப்பைச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் 50 மி.மீ. சதுரக் குழாய்த் துண்டுகளை யூ போல்ட்டால் இறுக்கினேன். சட்டத்தில் நேரடியாக வெல்டிங் செய்ய மனம் வரவில்லை. வயலில் அதிர்வு வாங்கும் சட்டத்தில் வெல்டிங் போட்ட இடத்தின் ஓரத்தில்தான் பின்னால் வெடிப்பு விடும். அந்தத் துண்டுகளுக்குள் 40 மி.மீ. சதுரக் குழாய்க் கால்களை மேலிருந்து இறக்கி, குறுக்கே பின் போட்டுவிடலாம். நான்கு கால்களில் நின்றால் பின்கள் 60 செ.மீ. உயரத்தில் இருக்கும், கொழுக்கள் தரையைத் தொடாது. கால்களின் அடியில் உள்ளங்கை அளவு தகடு. வேலைக்குப் போகும்போது பின்பக்கக் கால்கள் இரண்டையும் மேலே தூக்கி அப்படியே பின் போட்டுவிடுகிறேன். முன் கால்களையும் அப்படித்தான் விட்டிருந்தேன். லிஃப்டை முழுக்கத் தூக்கியபோது அவை பின் டயரில் உரசின. இப்போது முன் கால்களை முழுவதுமாக உருவி, ஷெட்டுச் சுவரில் அதற்கென்று அடித்த கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். கால்களை இறக்கும்போது கருவி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது சட்டத்தின் அடியில் கனமான கட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டு, வெளிப்பக்கம் நின்றபடிதான் கை நீட்டுகிறேன். ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கும் கருவிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. ஒரு சீல் விட்டால், யாராவது லீவரைத் தட்டிவிட்டால் முடிந்தது.

என்னை அதிகம் பயமுறுத்துவது சட்டிக் கலப்பை. அதற்குத் தட்டையான அடியே கிடையாது. இரண்டு சட்டிகளும் பின்சக்கரமும் ஏறக்குறைய ஒரே குறுக்குக் கோட்டில் இருக்கின்றன. மூன்று இடத்தில் தரையைத் தொட்டாலும் அகலமில்லாததால் பக்கவாட்டில் சரியும். இதற்குத் தேக்குக் கட்டைத் துண்டுகளில் சட்டியின் வளைவுக்கு ஏற்றபடி பள்ளம் வெட்டி, கட்டைகளை ஆங்கர் போல்ட்டால் தரையோடு இறுக்கினேன். உத்தரத்தின் முன்முனைக்கு ஓர் இரும்புக் கால். அதோடு, நிறுத்திய உடனே ஷெட்டுத் தூணோடு சங்கிலி போட்டுக் கட்டுவது கட்டாயம். எவ்வளவு அவசரம் என்றாலும் அந்தச் சங்கிலி போடாமல் டாப் லிங்க்கைக் கழட்டுவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கட்டைகள் தரையோடு இறுகி இருப்பதால் இங்கே டிராக்டர்தான் சரியாக வர வேண்டும். கலப்பை சரியாக மாட்டி நின்ற நேரத்தில் பின் டயர்களின் வெளி ஓரங்களைத் தரையில் குறித்து, அங்கிருந்து முன்பக்கம் 4 மீட்டர் வரை இரண்டு மஞ்சள் கோடுகள் இழுத்தேன். அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்னால் வந்தால் போதும். இது இவ்வளவு உதவும் என்று நினைக்கவே இல்லை, இப்போது நான்கு இடத்துக்கும் கோடு போட்டுவிட்டேன். வளைந்து வந்து கடைசி நேரத்தில் நேராக்குவதுதான் அந்த இரண்டு அங்குலத்தின் பிறப்பிடம். கருவிக்கு முன்னால் ஒரு டிராக்டர் நீளமாவது நேராக வர இடம் விட்டு ஷெட்டைத் திட்டமிடுங்கள். கருவிகளை வரிசையாக, எல்லாம் ஒரே திசை பார்த்து நிறுத்துங்கள். ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்தும் நிலை வந்தால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

பிளேடு லேசானது, இரண்டு குழாய்க் கால்களோடு முடித்துவிட்டேன்.

மாட்டுவதும் கழட்டுவதும் இப்போது

கோட்டைப் பிடித்துப் பின்னால் வருகிறேன், லீவர் வெள்ளைக் கோட்டில். ஒரு கை அகலம் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறேன். டிராக்டர் ஓடும்போது அதற்கும் கருவிக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, “கொஞ்சம் வா, கொஞ்சம் வா” என்று வழிகாட்டுபவரும்தான். தம்பி முன்பு அங்கேதான் நிற்பான். இப்போது பக்கத்தில்கூட ஆள் தேவைப்படவில்லை.

ரோட்டவேட்டர் என்றால் ஜாக்கைத் தளர்த்தி வண்டியை டிராக்டரை நோக்கித் தள்ளுகிறேன். முதலில் இடது லிங்க். அதை உயர்த்தவோ தாழ்த்தவோ தனிக் கைப்பிடி இல்லை, அதனால் அதுதான் முதலில். வலது பக்கம் லெவலிங் கைப்பிடி இருப்பதால் சிறு வித்தியாசத்தைச் சுழற்றிச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு டாப் லிங்க். ஒவ்வொரு கருவிக்கும் டாப் லிங்க் நீளம் வேறு. பின் மையத்திலிருந்து பின் மையம் வரை எத்தனை செ.மீ. என்று அந்தந்தக் கருவியின் மாஸ்ட்டில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நீளத்துக்குத் திருகிக்கொண்டு போனால் பின் தானாக உள்ளே போகிறது, தட்ட வேண்டியதில்லை.

கடைசியில் பி.டி.ஓ. ஷாஃப்ட். இது முன்பெல்லாம் தரையில் கிடக்கும். மண் அப்பி, ஷாஃப்ட் முனையிலுள்ள யோக்கின் பூட்டுப் பொத்தான் இறுகிப்போய், சுத்தியலால் தட்டித்தான் ஏற்றுவோம். இப்போது வண்டியின் முன்புறம் ஒரு கொக்கி வைத்து அதில் தொங்கவிடுகிறேன். நிமிடத்துக்கு 540 சுற்று பி.டி.ஓ.வின் 35 மி.மீ. தண்டில் 6 பல். அதிகபட்சம் 30 பாகை திருப்பினால் ஏதாவது ஒரு பக்கம் பல் சேர்ந்துவிடும். இஞ்சின் அணைந்திருக்கும்போது கையால் மெல்லத் திருப்பினால் போதும், சுத்தியலுக்கு வேலையே இல்லை. பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் ஷாஃப்ட்டை மாட்டவே வேண்டாம். அந்த உறை சுழலாமல் இருக்கப் போடும் சின்னச் சங்கிலியையும் மறக்காதீர்கள். வேட்டியோ துண்டோ ஒரு நூல் மாட்டினாலும் ஆளையே சுற்றிவிடும்.

கழட்டுவது இதற்குத் தலைகீழ். ஷாஃப்ட், டாப் லிங்க், வலது, கடைசியில் இடது. கழட்டுவதற்கு முன் ஒன்று சேர்த்துக்கொண்டேன். வயலில் லெவலிங் கைப்பிடியைத் திருப்பியிருப்போம், சட்டிக் கலப்பைக்குக் கட்டாயம் திருப்பியிருப்போம். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் இறக்குகிறேன். லெவலிங் திருகில் வெளியே தெரியும் புரி எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணையும் பெயிண்டால் எழுதியிருக்கிறேன். இதை விட்டால் நிறுத்தும் இடத்திலேயே கருவி கோணலாக உட்காரும்.

முன்பு ரோட்டவேட்டர் மாட்ட இரண்டு பேருக்கு 25 நிமிடம், சில நாள் அதற்கு மேலும். இப்போது நான் தனியாக 6 நிமிடத்தில் முடிக்கிறேன், ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் வைப்பதும் சேர்த்து. இதனால் எனக்குக் கிடைத்த பெரிய மாற்றம் நேரம்கூட இல்லை. ஈரம் சரியாக இருக்கும் அந்த ஒரு நாளில், காலையில் கொத்துக் கலப்பை, மதியம் ரோட்டவேட்டர் என்று தயங்காமல் மாற்றுகிறேன். மாட்டும் தொல்லைக்குப் பயந்து, ஒத்துவராத கருவியையே நாள் முழுக்க ஓட்டிய நாட்கள் நிறைய இருந்தன. நிலத்துக்கு அது நல்லதில்லை என்று தெரிந்தேதான் ஓட்டினேன்.

குவிக் ஹிட்ச் பற்றியும் யோசித்தேன். டிராக்டரில் மாட்டிவிட்டால் சீட்டிலிருந்து இறங்காமலே கருவியைக் கவ்விக்கொள்ளும் சட்டம் அது. நல்ல சாதனம். ஆனால் கருவியை நாலு அங்குலம் அளவுக்குப் பின்னால் தள்ளும். பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் உள்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றுக்குள் ஒன்று போதிய நீளம் புகுந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். எடை பின்னால் போவதால் டிராக்டரின் முன்பக்கம் இலேசாகும். கருவி கோணலாக நின்றால் குவிக் ஹிட்ச்சுக்கும் பிடி கிடைக்காது. ஆக, எப்படியும் இந்த நிறுத்தும் ஏற்பாடு முதலில் வேண்டும். இதைச் செய்த பிறகு எனக்கு அது அவசியமாகப் படவில்லை.

ஒரு வருடம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு காஸ்டரின் சுழல் பேரிங்கில் தூசி ஏறி இறுகியது. கிரீஸ் நிப்பிள் உள்ள காஸ்டராகப் பார்த்து வாங்கியது அங்கே உதவியது. தேக்குக் கட்டையில் சட்டி உட்காரும் பள்ளத்தில் ஈரம் தங்கிச் சட்டி விளிம்பில் துருப் பிடித்தது. பள்ளத்தின் அடியில் ஒரு துளை போட்டு, சட்டியில் பழைய இஞ்சின் ஆயில் தடவி வைக்கிறேன். தள்ளுவண்டியின் ஒரு வழிகாட்டித் தகடு, கருவியை வேகமாக இறக்கிய நாளில் உள்பக்கம் மடிந்தது. அதை நிமிர்த்தி, பின்னால் ஒரு முட்டு வைத்து வெல்டிங் செய்தாயிற்று.

அடுத்து தம்பியின் புல் வெட்டும் ஸ்லாஷருக்கு இதேபோல ஒரு வண்டி. அதற்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் உண்டு என்பதால் சக்கரம் தேவை. சேனல் வெட்டி வைத்துவிட்டேன். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு எடை மையம் பார்ப்பது மட்டும் பாக்கி இருக்கிறது. அதைக் குறித்த பிறகுதான் சக்கரத்தின் இடத்தை முடிவு செய்வேன்.